பூக்காத குமிழுக்கு யூரியா மருந்தாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் சென்ற இதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், "அமரில்லிஸ் போன்ற குமிழ்ச் செடிகள் பூக்கத் தாமதித்தால் சாடிக்கு ஒரு தேக்கரண்டி யூரியா இடுங்கள்" என்றிருந்த வரியை வாசித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. எந்த மண், எந்தப் பருவம், குமிழ் எவ்வளவு பருமன் என்ற பேச்சே அதில் இல்லை. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு, இலையைச் செழிக்க வைக்கும் நைதரசன் என்பது தாங்கள் அறியாததன்று.

உப்புவெளியில் கடற்கரைக்கு அண்மையிலுள்ள எங்கள் வளவில், என் தாயார் நட்ட அமரில்லிஸின் வழிவந்த குமிழ்களை இத்தனை வருடமாகக் காத்து வந்தேன். 2021 இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, மாட்டெருவும் போதிய அளவு கிடைக்காமல் இலைகள் வெளிறிச் சிறுத்தன. அடுத்த வருடம் பூந்தண்டுகள் அரிதாகவே வந்தன. ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில் குமிழுக்குள்ளேயே மொட்டு உருவாகும் செடி அது. இலை குறைந்தால் பூவும் குறையும். ஆகவே நான் நைதரசனுக்கு எதிரானவள் அல்லள். ஆனால் பசளை மீண்டும் வந்ததும், இழந்ததை ஈடுசெய்யும் அவசரத்தில், கடையொன்றில் சொன்னதை நம்பி யூரியாவை அள்ளி இட்டேன். இலைகள் முழ நீளத்துக்கு வளர்ந்து சரிந்தன, பூ ஒன்றுகூட இல்லை, மார்கழி மழையில் குமிழ்கள் கழுத்திலிருந்தே அழுகத் தொடங்கின. தோண்டியெடுத்து அழுத்தியபோது விரலில் நீர் கசிந்தது. பாதிக்கு மேல் போயிற்று.

எங்கள் மணல் மண்ணில் பெருமழை பெய்தால் இட்ட நைதரசனில் பெரும்பகுதி வேரைத் தாண்டி இறங்கிவிடும். அது சேரும் ஆழமற்ற கிணற்று நீரைத்தான் இங்கே பலரும் குடிக்கிறோம்.

துலிப் குமிழ் பூப்பதற்குப் பல கிழமைக் குளிர் வேண்டும் என்பதைச் சொல்லாமலே அதை வளர்க்கும் முறையைத் தாங்கள் முன்பொருமுறை வெளியிட்டீர்கள். அதுபற்றி அப்போதே எழுதினேன். என் கடிதம் வெளிவரவில்லை, பதிலும் வரவில்லை. குளிர்ந்த மலைநாட்டு நுவரெலியாவுக்குப் பொருந்துவது வெப்பமான திருகோணமலைக்கும் பொருந்தும் என்றே தங்கள் தோட்டப் பக்கம் எப்போதும் எண்ணுவது, நெடுநாள் வாசகியான எனக்கு வருத்தமளிக்கிறது.

நான் கேட்பது ஒரு சிறு திருத்தம் மட்டுமே: இலை வளரும் காலத்தில், சிறிது சிறிதாகப் பிரித்து, பொட்டாசியத்தோடு சேர்த்து இட வேண்டும் என்றும், அடைமழையிலும் இலை பழுத்துக் குமிழ் ஓய்வெடுக்கும் காலத்திலும் இடலாகாது என்றும் அடுத்த இதழில் அச்சிடுங்கள். தங்கள் குறிப்பைப் படித்த அயல்வீட்டுப் பிள்ளை நேற்றே தன் ஆறு சாடிகளுக்கும் யூரியா இட்டுவிட்டாள். மண்ணை மாற்றும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இவ்வண்ணம்,
ஒரு வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.