ஏரிக்கரையில் எழுந்த கேள்வி

ஐயா,

கடந்த ஞாயிறன்று மழை விட்டதும், முன்யோசனை ஏதுமின்றிக் குடும்பத்துடன் பைக்காரா ஏரிக்குச் சென்றோம். பிள்ளைகள் படகைக் கண்டு துள்ள, இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க வகைசெய்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி (1964) தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் வந்திறங்கிய என் தாயார், கொழுந்து பறித்துக் கறுத்த விரல்களால் முந்தானையை இறுகப் பற்றியபடி, படகில் ஏற மறுத்துவிட்டார். அவரைப் போன்றோருக்குக் குடியுரிமையும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலையுமாவது கிடைத்தன. ஆனால், இலங்கையில் 1983இல் நடந்த கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்த, அவரைப் போலவே தோட்டத் தொழிலாளர் மரபினரான மலையகத் தமிழர் பலர் இன்னமும் முகாம்களில் நாடற்றவர்களாகவே வாழ்கின்றனர். அண்டை நாடுகளிலிருந்து வந்த மதச் சிறுபான்மையினருக்குக் குடியுரிமை வழங்கும் 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகியவற்றோடு நின்றுவிட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. இலங்கையையும் அதில் சேர்க்குமாறு நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வலியுறுத்த வேண்டும்.

– ஒரு வாசகர், கோத்தகிரி