பீச்சாங்கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரின் நலத்தையும் அறிய ஆவல்.

கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். கைப்பேசியில் நீ "மாத்திரை போட்டியாம்மா" என்று கேட்கிறாய், போட்டுவிட்டேன் என்கிறேன், அடுத்த வார்த்தை "அப்பாகிட்ட குடு" என்பதாக இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு இந்த ஆண்டும் காவடிக்காரர்கள் நம் தெரு வழியாகத்தான் திருத்தணிக்கு நடந்து போனார்கள். அப்பா வழக்கம்போல் வாசலில் மோர்ப் பானை வைத்தார். நீங்கள் வரவில்லை. வேலை இருந்திருக்கும், அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

நான் எழுத நினைத்தது உன் ஆசிரியர் பயிற்சியைப் பற்றி. சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிடலாமா என்று நீ யோசிப்பதாகத் தம்பி சொன்னான். வகுப்பில் விளையாட்டுதான் படிப்பு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால் எல்.கே.ஜி. பிள்ளைகளை ஒன்றிலிருந்து ஐம்பது வரை எழுத வை என்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் மூச்சு முட்டுகிறது என்று அவனிடம் சொன்னாயாம். முப்பத்து மூன்று ஆண்டு பால்வாடி டீச்சராக இருந்தவளிடம் சொல்லாமல், தறிக்கு நூல் வாங்கி விற்கிறவனிடம் சொல்லியிருக்கிறாய். போகட்டும். பயிற்சியைப் பாதியில் விடாதே.

நான் 1990-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இணை உணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, தாய்மாருக்குச் சுகாதாரக் கல்வி, பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி என்று ஆறு சேவைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். கடைசியாகச் சொன்னதாலோ என்னவோ, முன்பருவக் கல்வி என் மனதில் கடைசி இடத்திலேயே தங்கிவிட்டது. எடை பார்ப்பதிலும், வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதிலும், சத்துமாவுக் கணக்கிலும், பதிவேட்டிலும் நான் கெட்டிக்காரியானேன். பிள்ளைகளுக்கு நாலு பாட்டுச் சொல்லி, சிலேட்டில் அ ஆ எழுத வைத்து, சத்தம் போட்டால் வேப்பங்குச்சியைக் காட்டி உட்கார வைத்தால் டீச்சர் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

நம் ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலத் தெருவில் தெலுங்கு, கீழத் தெருவில் தமிழ், இரண்டு தெருவிலும் ஒரே தறிச் சத்தம். பூனைப் படத்தைக் காட்டினால் மேலத் தெருப் பிள்ளை "பில்லி" என்றுதான் சொல்லும். மூன்று வயது முடிந்த ஒரு பெண் குழந்தை அப்படிச் சொன்னபோது ஆயா, "பில்லியா, சூனியமா?" என்று கேட்டுச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தன. நானும் சிரித்துவிட்டு, பூனை என்று பத்து முறை சொல்ல வைத்தேன். அந்தக் குழந்தை பத்து முறையும் சொன்னது. அதன் பிறகு பொங்கல் வரைக்கும் என் மையத்தில் அது வாய் திறக்கவில்லை. தாகம் எடுத்தால் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அடக்கமான பிள்ளை என்று அதன் அம்மாவிடம் நான் பாராட்டினேன். உன் தாத்தா சிறுவனாக இருந்த காலத்தில் இந்த வட்டாரம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960-இல்தான் திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையாகத் தெலுங்குப் பள்ளியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த கதையை அவர் ஆயிரம் முறை சொல்லி, அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். பானைக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தை நின்றபோது எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வரவில்லை.

2002-இல் எங்களை மறுபயிற்சிக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவளுக்கு இனி என்ன பயிற்சி என்ற அலுப்போடுதான் போனேன். பயிற்சி கொடுத்த அம்மையார் முதல் நாள் பாடமே நடத்தவில்லை. பக்கத்திலிருந்த ஒரு மையத்துக்கு எங்களை அழைத்துப் போய், ஆளுக்கு ஒரு குழந்தையைக் காட்டி, கால் மணி நேரம் அந்தக் குழந்தையை மட்டும் பார்த்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொன்னார். நான், "மந்தமான குழந்தை; பிடிவாதம் உண்டு; மற்றவரோடு சேராது" என்று மூன்று வரியில் முடித்தேன். அவர் மூன்றையும் அடித்துவிட்டு, "இது உங்கள் தீர்ப்பு. பிள்ளை என்ன செய்தது?" என்று கேட்டார். கோபத்தோடு திரும்பப் போய் உட்கார்ந்தேன். அந்தப் பையன் ஒரு சோடா மூடியால் மணலை அள்ளிக் கொட்டாங்குச்சியில் போட்டான். நிறைந்து வழிந்ததும் கவிழ்த்தான். மறுபடியும் அள்ளினான். மூன்றாம் முறை, விளிம்புக்குச் சற்று முன்பே கையைத் தாழ்த்தி, மூடியைச் சாய்த்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். ஒரு பொடி மணல்கூடக் கீழே சிந்தவில்லை. கொட்டாங்குச்சி எவ்வளவு பிடிக்கும் என்பதை அவன் கை கற்றுக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் நான் எந்தக் குழந்தையையும் கால் மணி நேரம் பார்த்ததில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருப்பதையும், மூன்று வயதுக் குழந்தைக்கு அவற்றில் பாதிகூடக் கெட்டிப்பட்டிருக்காது என்பதையும் அந்தப் பயிற்சியில்தான் கேட்டேன். அந்தக் கையில் பல்பத்தைத் திணித்து, வரி வரியாக எழுது என்று குச்சியைக் காட்டியிருக்கிறேன். களிமண் பிசைவதும், காகிதம் கிழிப்பதும், மணி கோப்பதும் பொழுதுபோக்கு அல்ல, எழுதப்போகிற விரலுக்கு அதுதான் முதல் பாடம் என்பதை நீ இப்போது புத்தகத்தில் படித்திருப்பாய்.

ஆனால் பயிற்சி முடிந்ததும் ஆள் மாறிவிடுவதாக யாராவது சொன்னால் நம்பாதே. நான் ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் மணலும் களிமண்ணுமாக நடத்தினேன். மூன்றாம் வாரம் ஆயா விடுப்பில் போனார். ஒரு பக்கம் உலை கொதிக்கிறது, இன்னொரு பக்கம் இருபத்தைந்து பிள்ளைகள், மேற்பார்வையாளர் பதிவேடு கேட்டு நிற்கிறார். குச்சி தானாகக் கைக்கு வந்துவிட்டது. மாதாந்திரக் கூட்டத்தில் இதை ஒருவர் துணிந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கும் அப்படித்தான் என்று எல்லாரும் சொன்னோம். யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று அந்தக் கூட்டங்களில் பேசிப் பேசித்தான், ஓர் ஆண்டுக்குப் பிறகு, குச்சியை நிஜமாகவே அடுப்பில் வைத்தேன். "பில்லி" என்று ஒரு பிள்ளை சொன்னால் "ஆமாம், பில்லி. நாங்கள் பூனை என்போம்" என்று சொல்ல என் நாக்குப் பழகுவதற்கு அதற்கு மேலும் ஆயிற்று. ஆகவே திங்கட்கிழமை மூச்சு முட்டுகிறது என்றால் பயிற்சி வேலை செய்கிறது என்று பொருள்; முன்பு உனக்கு முட்டவில்லையே. பாதியில் விடாதே.

உன்னை நினைத்து எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததை நீ சொல்லித்தான் அப்பா தெரிந்துகொண்டார். இப்போது டீக்கடையில் எல்லாருக்கும் சொல்கிறார். தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் பாலர் கல்வியைத் தொடங்கியபோது, பிள்ளைகள் பள்ளிக்கு வராததால் பள்ளியையே பிள்ளைகளின் முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள் என்று எங்கள் அம்மையார் சொல்லியிருந்தார். அங்கன்வாடியில் வரும் அங்கன் என்றால் முற்றம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு படித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி என்றும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டு டிப்ளோமா என்றும் சொன்னபோது, எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான் இன்னும் பத்து ஆண்டு இளையவளாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். உனக்குக் கிடைத்திருக்கிறது. மாப்பிள்ளை சனிக்கிழமைகளில் குட்டியைப் பார்த்துக்கொள்கிறார். என் காலத்தில் பயிற்சிக்குப் போக உன்னைச் சின்ன அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அவர் பேசிய பேச்சு உனக்கும் தெரியும்.

அந்தப் பயிற்சியில் இன்னொரு நாளும் உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எழுதப் பழகாத கையால் ஐந்து நிமிடம் எழுதுங்கள் என்று அம்மையார் எங்களுக்கு ஆளுக்கொரு நாலு கோடு நோட்டைக் கொடுத்தார். எழுதும்போது அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே, "சீக்கிரம், கோட்டுக்குள்ளே, இதெல்லாம் ஓர் எழுத்தா" என்று, நாங்கள் பிள்ளைகளிடம் சொல்வதை எல்லாம் எங்களிடம் சொன்னார். என் 'அ' கோழி கிளறியது போல் இருந்தது. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. பக்கத்தில் இருந்தவர் அழுதுவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு துண்டுதான் நினைவுக்கு வந்தது. சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு.

உனக்கு அந்தத் துண்டு நினைவிருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. நீ என் மையத்தில் உட்கார்ந்த ஆண்டு, பல்பத்தைப் பீச்சாங்கையால் எடுத்தாய். டீச்சர் பிள்ளையே இப்படியா என்று ஊர் சிரிக்கும் என்று பயந்து, உன் இடது கையை இடுப்போடு சேர்த்து அந்தத் துண்டால் கட்டினேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல; கோடை விடுமுறை வரைக்கும். அவிழ்த்த பிறகும் நீ அந்தக் கையை நீட்டவில்லை. கட்டியது பலித்தது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பயிற்சி முடிந்து நான் வீடு திரும்பிய மாலையில் நீ ஆறாம் வகுப்பு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். சோத்துக்கையால், கழுத்தைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு. பையை இறக்காமல் வாசற்படியில் நின்று பார்த்தேன். உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன். அடுத்த வாரம் மையத்தில் ஓர் இடக்கைப் பையனின் அம்மா, இவனை ஏன் மாற்றவில்லை என்று சண்டைக்கு வந்தபோது அரை மணி நேரம் விளக்கம் சொன்னேன். மேற்பார்வையாளர் அதைக் கூட்டத்தில் பாராட்டினார். ஊர்ப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கு மாறிய நான் உனக்கு மாறவில்லை.

பொங்கலன்று நடந்ததை அந்த அம்மையார் சொல்லிக்கொடுத்த முறையில் எழுதுகிறேன். காலை பத்து மணி. கூடத்தில் ஆறு இலைகள். நான்கு வயதுப் பேரன் இடது கையால் சர்க்கரைப் பொங்கலை எடுத்து வாயருகே கொண்டு போனான். பாட்டி கரண்டிக் காம்பால் அவன் மணிக்கட்டில் தட்டினாள். பொங்கல் பாயில் விழுந்தது. "சோத்துக்கையால சாப்பிடு" என்றாள். அவன் பாட்டியைப் பார்த்தான். பிறகு தன் அம்மாவைப் பார்த்தான். இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். அவன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். அவள் இலையில் எல்லாம் அப்படியே இருந்தது.

இதற்கு மேல் எழுதினால் தீர்ப்பு வந்துவிடும். அதை நீதான் எழுத வேண்டும்.

பக்கத்துத் தெரு டீச்சர் நேற்று வந்திருந்தார். அவர்களுக்கு இப்போது மூன்றிலிருந்து ஆறு வயது வரைக்குமான புதிய பாடத்திட்டத்துக்குப் பயிற்சி நடக்கிறதாம். பதிவேடு எல்லாம் கைப்பேசியில் போட வேண்டியிருப்பதால் பிள்ளைகளைப் பார்க்க நேரம் இல்லை என்று புலம்பினார். என் பழைய குறிப்பு நோட்டுகளைக் கேட்டார். கொடுக்கவில்லை. நீலப் பெட்டியில் உனக்காக வைத்திருக்கிறேன். மணல் அள்ளிய பையன் முதல் பக்கத்தில் இருக்கிறான். சனிக்கிழமை வகுப்பை விடாதே. சின்ன நாற்காலியில் குனிந்தே உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே, என் இடுப்பைப் பார்த்திருக்கிறாய்.

ஆயுத பூஜைக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. அப்பா மாடி அறைக்குப் புது மின்விசிறி வாங்கி மாட்டியிருக்கிறார். பழையது கிறீச்சிட்டதால் பொங்கலுக்குக் குட்டி இரண்டு முறை எழுந்துவிட்டானாம். என்னிடம் சொல்லவில்லை, எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
அம்மா