மரத்தடியில் சிமெண்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. காற்று மட்டும் காரணமல்ல. அடிமரத்தை ஒட்டி நடைபாதைக் கல்லும் சிமெண்டும் இறுகினால் வேருக்கு நீரும் காற்றும் கிடைக்காது; அது ஆழம் போகாமல் மேலாகவே பரவும். மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டும்போது பொக்லைன் ஒரு பக்க வேரை அறுத்துவிட்டால், அந்தப் பக்கமிருந்து காற்று அடிக்கையில் பிடிமானமே இருக்காது. மரத்தைச் சுற்றி 1 மீட்டர் மண்ணாகவே விடும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவிட்டது. இங்கும் அதுவே குறைந்தபட்சம்.

புதிதாக நட, நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி உள்ள குழி வேண்டும். கன்று வளர்ந்த பைக்குள் வட்டமாகச் சுருண்ட வேரை பிளேடால் நெடுக்காகக் கீறிவிட வேண்டும். அப்படியே புதைத்தால் அந்தச் சுருள் பருத்து, பின்னாளில் மரத்தையே நெரிக்கும். கிளை எளிதில் முறியும் குல்மோகரைத் தெருவோரத்தில் தவிர்த்து, புங்கன், பூவரசு, மகிழம் நடலாம். மரம் பருத்ததும், கன்றைக் காக்க வைத்த இரும்புக் கூண்டைக் கழற்றியாக வேண்டும். இல்லையேல் பட்டையை அறுக்கும்.

நட்ட எண்ணிக்கைக்கு மொத்தப் பணத்தையும் கொடுக்காமல், இரண்டு கோடை தாண்டி உயிரோடு நிற்கும் கன்றுக்கே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை