விசுவசிக்கிறேன் என்று சொல்ல வேண்டாம் மக்களே

மக்களே,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை ராத்திரி மூன்று தடவை கேட்டேன். அக்கா தன் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்கிறாள், எனக்குத்தான் நம்பிக்கை போய் வருஷக்கணக்காகிவிட்டதே, அவளுக்காக ஒரு பொய் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அப்பாவோ, "சொல்லிவிட்டுப் போகட்டும், மனசுக்குள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நீ பூசைக்குப் போகாதது எனக்கு வருத்தம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு, இது வேறு. சாமியார் கைக்குழந்தையிடமா கேட்பார், தூக்கி நிற்கிறவர்களிடம்தான் கேட்பார், சாத்தானை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை விசுவசிக்கிறீர்களா என்று. அந்த ஒரு வார்த்தைக்காக நம்ம பக்கத்தில் உயிரை விட்டவர் உண்டு. தேவசகாயம் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினார், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை வீட்டில் டிவியில் பார்த்தோமே, நீ போனை நோண்டிக்கொண்டிருந்தாய்.

விசுவாசிகள் நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? உன் ஞானத்தகப்பனை ஏன் பிடித்தோம் தெரியுமா, சவுதியில் இருந்தார், சங்கிலி போடுவார் என்றுதான். போட்டார். அதோடு சரி. கல்யாண வீட்டில் பார்த்தால், "இது உங்க எத்தனாவது பிள்ளை" என்று இன்னும் என்னிடம் கேட்கிறார்.

உன் பெரிய மாமா பிறந்தபோது மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்ததாம். சாமியாரைக் கூப்பிட நேரமில்லை. பேறு பார்த்த மருத்துவச்சி இந்து. பாட்டி படுத்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுக்க, அந்த அம்மா தலையில் தண்ணீரை ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்று முழுசும் சொல்லியிருக்கிறாள். பிள்ளை பிழைத்தது. கோயிலில் அந்த ஞானஸ்நானத்தைத் தள்ளவில்லை, திரும்பக் கொடுக்கவும் இல்லை. ஆபத்து நேரத்தில், திருச்சபை செய்கிறதைச் செய்யும் எண்ணம் இருந்தால், ஞானஸ்நானம் வாங்காதவர் கொடுத்தாலும் செல்லும் என்பது சட்டம். நீ நம்புகிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் பொய் சொல்லவில்லை. உன்னைக் கேட்பார்கள், அதுதான் சிக்கல்.

பங்குச் சாமியாரிடம் உன் பேரைச் சொல்லாமல் விசாரித்தேன் (அவருக்குப் புரிந்திருக்கும்). ஞானத்தகப்பனுக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற உறுதிபூசுதல் சடங்கும் வாங்கியிருக்க வேண்டும், விசுவாசத்துக்கு ஏற்ற மாதிரி வாழ வேண்டும் என்றார். முதல் இரண்டும் உனக்கு உண்டு, மூன்றாவதற்கு நீதான் சாட்சி, நீயே இல்லை என்கிறாய். அப்புறம் அவர் சொன்ன ஒன்று எனக்கே தெரியாது மக்களே, இரண்டு பேர் கட்டாயமில்லையாம், ஞானத்தாய் மட்டும் நின்றாலும் போதுமாம். அத்தானின் தங்கை நிற்கட்டும், தினமும் ஜெபமாலை சொல்கிற பிள்ளை.

நீ வா. தாய்மாமனாகப் பிள்ளையைக் கோயில் வரைக்கும் தூக்கிக்கொண்டு வா, முன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரு. கேள்வி கேட்கும்போது வாயை மூடிக்கொண்டு இரு, யாராவது பார்த்தால் பார்க்கட்டும்.

அக்காவிடம் நீயே போன் போட்டுச் சொல்லு, என்னைத் தூது விடாதே. கொஞ்சம் அழுவாள், நீ போனை வைத்துவிடாதே. சங்கிலி அரைப் பவுனில் போதும், பவுன் விற்கிற விலைக்கு.

அம்மா