சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை: சாட்ஸ்வர்த் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோயில் கமிட்டிப் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிமாருக்கும், திருவிழா நாளில் அடுப்படியில் வெந்து நிற்கும் அக்கா தங்கைமாருக்கும் வணக்கம்.

நான் முப்பத்து நாலு வருஷம் நம் தென்னாப்பிரிக்க டர்பன் நகரத்து அரசு கிளினிக்குகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது மேகசின் பேரக்ஸில், நகரசபைத் தொழிலாளர் குடியிருப்பில். வெள்ளையர் அரசின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் எங்களை அங்கிருந்து கிளப்பி, இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பியபோது எனக்கு எட்டு வயது. அன்றிலிருந்து இதே ஊர்தான். உங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தடுப்பூசி போட்ட கை இது. அந்த உரிமையில், வேலையில்லாமல் நோயோடு கிடப்பவர்களுக்காக நம் கோயில் மண்டபங்களைத் திறந்துவிடக் கேட்டு எழுதுகிறேன்.

என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு தையல் ஆலையில் அவன் கட்டர். மேசைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்கட்டிக் கோட்டின்மேல் மின்கத்தியை ஓட்டுகிற வேலை. ஒரு நூல் அளவு தப்பினாலும் எண்பது சட்டை வீணாகும் என்பான். பத்தொன்பது வருஷம் அதே மேசை. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது, இறக்குமதி வரி குறைந்தது, மலிவுத் துணி கப்பல் கப்பலாக இறங்கியது. டர்பன் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. அவன் ஆலை 2003-இல், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மூடியது. அப்போது அவனுக்கு வயது நாற்பத்து மூன்று. சர்க்கரை வியாதி ஐந்து வருஷமாக இருந்தது, ஆனால் கட்டுக்குள் இருந்தது.

வேலை போய் ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறை அலமாரியில் தேயிலை டப்பாவுக்குப் பின்னால் மூன்று மாத மாத்திரை, கிளினிக் பை பிரிக்காமலே இருந்தது. கோபத்தில் கத்திவிட்டேன். இலவசமாகக் கிடைக்கிற மருந்தைப் போட என்னடா கேடு என்று கேட்டேன். அவன் ஒரு பையை எடுத்து என் முன்னால் வைத்து, ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினான். “அக்கா, சாப்பாட்டோடு போடணும்னு எழுதியிருக்கு. காலையில சாப்பாடு கிடையாது. வெறும் வயித்துல போட்டா ஒண்ணு குமட்டுது, இன்னொண்ணு கை நடுங்கி வேர்த்துக் கொட்டுது.”

அந்தச் சீட்டை எத்தனை ஆயிரம் பேருக்கு நான் வாசித்துக் காட்டியிருப்பேன்! சாப்பாட்டோடு போடுங்கள் ஐயா, சாப்பாட்டோடு போடுங்கள் அம்மா. வீட்டில் சாப்பாடு இருக்கிறதா என்று ஒருவரையும் கேட்டதில்லை.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் போட்ட மாத்திரைகளில் ஒன்று வெறும் வயிற்றில் குடலைப் புரட்டும். இன்னொன்று, சாப்பிடாமல் போட்டால் ரத்தச் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கி ஆளை மயக்கத்தில் தள்ளும். ஆகவே மாத்திரையைத் தள்ளிவைத்தான். பகல் முழுவதும் தேநீர், ராத்திரி ஒரே வேளையில் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்குக் குழம்பும், இல்லையென்றால் அரை ரொட்டி. அன்று விரலில் குத்திப் பார்த்தேன், மில்லிமோல் கணக்கில் 22 காட்டியது. ஏழுக்குக் கீழே இருக்க வேண்டியது. அடுத்த வருஷம் பாதத்தில் ஒரு புண். அவனுக்கே தெரியாமல் வந்த புண், கால் மரத்துப் போயிருந்தது. முதலில் பெருவிரல், அப்புறம் முழங்காலுக்குக் கீழே முழுவதும். இடையில் ஒரு சிறு ஆலையில் கட்டர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. போக முடியவில்லை. வேலை போனதால் நோய் முற்றியது. நோய் முற்றியதால் வந்த வேலையும் போனது. 2011-இல் சிறுநீரகம் செயலிழந்து, ஐம்பத்தொரு வயதில் போய்விட்டான். இறப்புச் சான்றிதழில் சர்க்கரை என்று இருக்கிறது, சிறுநீரகம் என்று இருக்கிறது. ஆலை மூடியது எங்கும் இல்லை.

இதை ஒரு வீட்டுக் கதையாக நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் வேலையில்லாதவர் விகிதம் 2021 கடைசிக் காலாண்டில் 35.3 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முப்பதுக்குமேலேயே நிற்கிறது. தேடித் தேடி அலுத்து விட்டுவிட்டவர்கள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அவர்களையும் சேர்த்தால் நாற்பதைத் தாண்டும். இருபத்தைந்து வயதுக்குக் கீழே வேலை தேடுகிற பிள்ளைகளில் பாதிக்குமேல் வேலையில்லாதவர்கள். இந்திய வம்சாவளியினரான நமக்கு இந்த நாட்டிலேயே சர்க்கரை வியாதி மிக அதிகம் என்பது டர்பன் டாக்டர்கள் பல காலமாகச் சொல்லிவருவது. இந்த இரண்டும் ஒரே வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை நான் கிளினிக் வரிசையில் தினமும் பார்த்தேன். வேலை போனதும் தனியார் மருத்துவக் காப்பீடு போகும். கிளினிக் இலவசம், சரி, ஆனால் போய்வர டாக்சிக் காசு வேண்டும். விடிவதற்குமுன் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு முறை தவறவிட்ட ஆள் மூன்றாவது முறை வர வெட்கப்படுவார். அப்புறம் அவரைப் பார்ப்பது ஆம்புலன்ஸில்தான்.

மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் அப்பால் இன்னொன்றும் உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நூற்பாலையை நம்பி இருந்தது. 1930-ஐ ஒட்டி அது மூடியது. சமூக உளவியலாளர் மரீ யஹோதாவும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய் மாதக்கணக்கில் ஆராய்ந்து 1933-இல் வெளியிட்டார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தைக்கூடக் குறித்தார்கள். ஆண்கள் மெல்ல நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். கையில் நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. பெண்களுக்கு வீட்டுவேலை இருந்ததால் அவர்கள் நடையில் அந்தத் தளர்ச்சி இல்லை. சம்பளத்தோடு சேர்த்து வேலை நமக்குத் தருவது என்ன என்று யஹோதா பின்னால் எழுதினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே நாலு பேர், சேர்ந்து செய்ய ஒரு காரியம், ஊரில் ஒரு மதிப்பு.

இதைப் படித்தபோது எனக்குத் தம்பியின் நடைதான் கண்ணில் வந்தது. ஆலைக்குப் போன காலத்தில் ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, விபூதி பூசி, பஸ்ஸுக்கு ஓடுவான். அப்புறம் பத்து மணிக்கு எழுந்தான், பதினொன்றுக்கு எழுந்தான். மாத்திரைக்குக் காலை, மதியம், ராத்திரி என்று நேரம் உண்டு. அவன் நாளில் காலையும் மதியமும் இல்லாமல் போய்விட்டன. இன்று பேவியூ, மான்ட்ஃபோர்ட் ஃபிளாட்டுகளின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற பையன்களைப் பாருங்கள். ‘ஷுகர்ஸ்’ என்கிற போதைப்பொருளை விற்கிறவனுக்கு அந்தப் படிக்கட்டு நன்றாகத் தெரியும். நாமும் அங்கே போய் நிற்க வேண்டாமா?

மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து நம் கோயில்களில் ஒன்றில் ஒருவர் எழுந்து பேசினார். மனசு இருந்தால் வேலை கிடைக்கும், சோம்பலுக்குச் சாமி உதவாது என்றார். என் தம்பி கடைசி வரிசையில் செருப்புப் பக்கமாக உட்கார்ந்திருந்தான். அதன்பின் அவன் கோயிலுக்கு வரவே இல்லை. பேசியவர் கெட்டவர் இல்லை. ஆனால் அப்படிப் பேசாதீர்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளியைப் பார்த்து நீ ஏன் காய்ச்சலை வரவழைத்துக்கொண்டாய் என்று கேட்பதும் இதுவும் ஒன்று.

ஏன் அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். அரசுக்கும் எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். ஆலையைத் திறக்கச் சொல்வதோ, வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் மாதம் 370 ராண்ட் உதவித்தொகை ஓர் ஆள் சாப்பாட்டுச் செலவில் பாதிக்குக்கூடக் காணாது என்று சண்டை போடுவதோ உங்கள் தலையில் வைக்கிற பாரம் இல்லை. ஆனால் உங்களிடம் மண்டபம் இருக்கிறது. பெரிய அடுப்பு இருக்கிறது, அண்டா இருக்கிறது, தண்ணீர், கழிப்பறை, பூட்டுப் போட்ட கேட் எல்லாம் இருக்கின்றன. வாரத்தில் ஐந்து நாள் அவை சும்மா இருக்கின்றன.

ஆடி மாதம் நாம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். ஏன் ஆடியில் என்று சின்ன வயதில் அம்மாவைக் கேட்டேன். அவளுக்கு அவள் ஆயா சொன்னது: ஊரில் பழைய அறுவடை தீர்ந்து புதியது வராத மாதம் அது, கூலிக்காரன் வீட்டில் பானை கவிழ்ந்திருக்கும், நோயும் அப்போதுதான் வரும், அதனால் அம்மன் பேரைச் சொல்லி ஊரே ஊருக்கு ஊற்றியது. 1860-இல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் ஏறி வந்தவர்கள், கரும்புத் தோட்டத்துக் கொட்டகையில் அம்மனை வைத்தபோது இந்தக் கூழையும் சேர்த்தே வைத்தார்கள். வேலையில்லாத காலமும் நோய்க்காலமும் ஒன்று என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

இப்போது நமக்கு வருஷம் முழுக்க ஆடி. ஆகவே கேட்கிறேன்: வாரநாட்களில் காலை ஏழரைக்கு ஒரு கிண்ணம் கூழ். சர்க்கரை போடாமல், புளிக்கவைத்து, கூடவே ஒரு கரண்டி வேகவைத்த ஷுகர் பீன்ஸ் பயறோ பருப்போ. நாம் கூழுக்குப் போடுகிற மக்காச்சோள மாவு தனியாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும், பயறு சேர்ந்தால் ஏற்றம் மெதுவாகும். மாத்திரை வைத்திருப்பவர் அங்கேயே போட்டுக்கொள்வார். வருபவரை வெறுமனே சாப்பிட வைத்து அனுப்பாதீர்கள். ஒருவர் விறகு பார்க்கட்டும், ஒருவர் பயறு பொறுக்கட்டும், ஒருவர் தோட்டத்தில் கீரை போடட்டும். ஏழரைக்கு வந்து சேர ஓர் இடம், அவர் வராவிட்டால் எங்கே என்று கேட்க ஓர் ஆள். எனக்குக் கூழைவிட இது முக்கியம்.

நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் மாத மருந்தைக் கிளினிக்குக்குப் போகாமல் வீட்டருகே வாங்கிக்கொள்ளும் அரசுத் திட்டம் 2014-இலிருந்து இருக்கிறது. மருந்துக்கடைகளோடு தேவாலயங்களும் சமூகக்கூடங்களும் மருந்து கொடுக்கும் இடங்களாக இருக்கின்றன. நம் கோயில் மண்டபம் ஏன் கூடாது? மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குக் கமிட்டி ஒரு கடிதம் போட்டுக் கேட்கட்டும், எழுதித் தர நான் இருக்கிறேன். அப்புறம், வேலையில் இருந்தபோது மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சதவீதம் பிடித்து, முதலாளி ஒரு சதவீதம் சேர்த்துக் கட்டிய வேலையின்மைக் காப்பீட்டுப் பணத்தைக் கேட்டு வாங்கத் தெரியாமல் விட்டவர்கள் நம்மில் நிறைய. போனில் டேட்டா இல்லாமல் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதவர்களும் உண்டு. தமிழ் வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு கணினியோடு உட்கார்ந்தால் ஒரு காலையில் பத்துப் பேர் விண்ணப்பம் முடியும்.

கதவு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். பாட்டில்பிரஷ் குடிசைகளிலிருந்து வரும் ஜூலு அம்மாவுக்கும் அதே கிண்ணம். 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனுக்கு வடக்கே நம்மவர் நிறைந்த பீனிக்ஸில் கறுப்பின மக்கள் கொல்லப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

செலவு எப்படி என்றால், கோபுரத்துக்கு வர்ணம் பூச வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் நானும் வளர்ந்தேன். புரட்டாசிக் கோவிந்தா விருந்திலும் காவடி அன்னதானத்திலும் மிஞ்சி வீணாகும் அரிசி பருப்பைக் கணக்கெடுங்கள், முதல் மூன்று மாதம் அதிலேயே ஓடும். ஒரு கோயிலில் தொடங்கட்டும், ஒரே ஒரு நாளாக, செவ்வாய்க்கிழமை.

சர்க்கரை பார்க்கிற கருவி என்னிடம் இருக்கிறது. ரத்த அழுத்தக் கருவியும் இருக்கிறது. என்னோடு ஓய்வு பெற்ற சிஸ்டர்கள் இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கே அடுப்புப் பற்றவைக்க வேண்டும். மண்டபச் சாவியை யாரிடம் வந்து வாங்கிக்கொள்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி,
மான்ட்ஃபோர்ட், சாட்ஸ்வர்த்