விக்கெட்டுக்குப் பின்னால் நின்று சொன்னவை

சாட்ஸ்வொர்த், டர்பன்
மார்ச், ஞாயிறு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை கைக்கு வந்தது. இத்தனை வருடம் ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருந்த முழங்கால்களைத் தவிர இங்கே அனைவரும் நலம். வழக்கமான செய்திகளை இம்முறை ஒதுக்கிவிட்டு, நீ இரண்டு பக்கம் எழுதிக் கேட்டிருக்கும் ஒரே கேள்விக்கு மட்டும் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பேரன் மட்டை பிடித்து நின்றபோது, மட்டைக்கு மிக அருகே, சில்லி பாயிண்டில் நின்ற எதிரணிப் பையன் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவனைக் "கூலி" என்று அழைத்திருக்கிறான். மூன்றாவது ஓவரில் பேரன் பொறுமை இழந்து இறங்கி ஆடி ஸ்டம்பிங் ஆகியிருக்கிறான். பயிற்சியாளரிடம் சொன்னபோது, இது ஸ்லெட்ஜிங், எதிராளியை வாயால் சீண்டுவது, ஆட்டத்தில் சகஜம், தோலைக் கொஞ்சம் தடித்ததாக வைத்துக்கொள் என்று அவர் சொல்லியிருக்கிறார். புகார் கொடுப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்கிறாய். கேட்டுவிட்டு, "நாமும் அந்தக் காலத்தில் வாய் சும்மா இருந்தவர்கள் இல்லையே" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறாய். அந்த வரிதான் என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. கூலி என்பது நம் மொழியில் வேலைக்குக் கொடுக்கும் ஊதியம். அதில் இழிவு ஏதும் இல்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது, இறங்கியவர்கள் அந்த ஊதியத்துக்காகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். அவர்கள் கையில் விழ வேண்டிய காசின் பெயர் இந்த ஊரில் அவர்கள் தலைமேல் விழுந்தது. பேருந்திலும், கடற்கரையிலும், அரசு அலுவலகத்தின் தனி ஜன்னலிலும் என் தகப்பனார் அதைக் கேட்டிருக்கிறார். அந்தப் பதினான்கு வயதுப் பையனுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சொல் வலிக்கும் என்பது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் வலிப்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

சீண்டலே கூடாது என்று சொல்கிறவன் நான் அல்ல, அது உனக்குத் தெரியும். என் பாட்டி கல்யாண வீடுகளில் நலுங்குப் பாட்டுப் பாடுவதற்குப் பேர்போனவர். மாப்பிள்ளையின் மூக்கு, நடை, அவர் சாப்பிடும் அளவு, சம்பந்தியின் கஞ்சத்தனம் எல்லாம் பாட்டில் வரும். வாங்கிக்கட்டிக்கொண்ட வீட்டார் தங்கள் முறை வரும்போது இரட்டிப்பாகத் திருப்பிக்கொடுப்பார்கள். ஆனால் விதவையான சம்பந்தியம்மாளைப் பற்றியோ, பிள்ளை இல்லாத அத்தையைப் பற்றியோ பாட்டி ஒரு வரி பாடிக் கேட்டதில்லை. யாரும் அவருக்கு விதிப்புத்தகம் கொடுக்கவில்லை. எதிர்ப்பக்கம் சிரித்துக்கொண்டே பதில் பாட முடியாத இடத்தில் ஏசல் பாட்டு நின்றுவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்னும் நம் தென்னாப்பிரிக்க மட்டையாளர் டாரில் கல்லினனும் பேசிக்கொண்டதாகச் சொல்லப்படும் கதையை நீயே எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாய்! உன்னை மறுபடியும் அவமானப்படுத்த இரண்டு வருடம் காத்திருந்தேன் என்று வார்ன் சொல்ல, அந்த இரண்டு வருடத்தையும் நீ சாப்பிட்டே கழித்திருக்கிறாய் போலிருக்கிறதே என்று கல்லினன் திருப்பியதாகக் கதை. அது அப்படியே நடந்ததோ, சொல்லிச் சொல்லி மெருகேறியதோ, இருவரும் சமமாக நின்ற பேச்சு அது. கல்லினனுக்குத் தன் சுழற்பந்து புரியவில்லை என்பதை வார்ன் குத்திக்காட்டினார். அது மட்டையாளரின் தொழில் சம்பந்தப்பட்டது, அடுத்த பந்தை அடித்தால் பொய்யாகிவிடும். உன் பேரன் சதமே அடித்திருந்தாலும் அந்தச் சில்லி பாயிண்ட் பையனின் சொல் அப்படிப் பொய்யாகியிருக்காது.

எல்லை, எல்லை என்று எல்லோரும் பேசுகிறார்களே, அதில் எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. 2018 மார்ச்சில் இங்கே கிங்ஸ்மீட் மைதானத்தில் ஆஸ்திரேலியாவோடு நடந்த டெஸ்ட் போட்டி உனக்கு நினைவிருக்கும். நான்காம் நாள் தேநீர் இடைவேளைக்காக வீரர்கள் ஓய்வறைக்கு ஏறும் படிக்கட்டில் அவர்களுடைய டேவிட் வார்னரும் நம் குவிண்டன் டி காக்கும் மோதிக்கொண்டது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி உலகமே பார்த்தது. டி காக் தன் மனைவியைப் பற்றி இழிவாகப் பேசியதாக வார்னர் சொன்னார். வார்னர்தான் களத்தில் முதலில் தனிப்பட்ட விஷயங்களுக்குப் போனார் என்று நம் தரப்பு சொன்னது. வார்னருக்கு ஆட்ட ஊதியத்தில் 75 சதவீதமும் டி காக்குக்கு 25 சதவீதமும் அபராதம். அடுத்த போட்டிக்குப் போர்ட் எலிசபெத்தில் ரசிகர்கள் சிலர் வார்னரின் மனைவியைக் கேலி செய்வதற்காக ஒரு ரக்பி வீரரின் முகமூடியை அணிந்து வந்தார்கள். நம் கிரிக்கெட் வாரிய அதிகாரிகள் இருவர் அவர்களோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த முகமூடிக்கும் ஆட்டத்துக்கும் என்ன தொடர்பு? மைதானத்தில் இல்லாத ஒரு பெண்ணை நடுவில் இழுத்து நிறுத்தி, அதற்கு நகைச்சுவை என்று பெயர் வைத்தோம். அந்தத் தொடர் முழுவதும் தாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எதிரிதான் தாண்டினார் என்று இரு தரப்பும் சொல்லிக்கொண்டிருந்தன. பந்துவீச்சாளர் தன் கால் எங்கே விழுகிறதோ அங்கே கிரீஸ் கோட்டை வரைந்துகொள்வதற்கு ஒப்பான காரியம் இது; அப்படி வரைந்தால் உலகத்தில் நோபால் என்று ஒன்றே இருக்காது.

அதற்கு அடுத்த ஆண்டு, 2019 ஜனவரி 22 அன்று, அதே கிங்ஸ்மீடில் நடந்ததுதான் என்னை இன்னும் அதிகமாக உறுத்தியது. நம் அணியின் கறுப்பின வீரர் ஆண்டிலே பெஹ்லுக்வாயோ மட்டை பிடித்திருந்தார்; பாகிஸ்தான் அணித்தலைவர் சர்ஃப்ராஸ் அகமது ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து உருதுவில் அவருடைய கறுப்பு நிறத்தைச் சொல்லி அழைத்து, உன் தாய் இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறாள், உனக்காக என்ன ஓதச் சொல்லிவிட்டு வந்தாய் என்ற பொருளில் ஏதோ சொன்னார். ஸ்டம்பில் இருந்த ஒலிவாங்கி அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மட்டையாளருக்கு அந்த மொழி தெரியாது. என் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அண்டைவீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்துச் சொன்னார். நானும் பாதிச் சிரிப்பு சிரித்துவிட்டேன், பிறகுதான் வாயை மூடினேன். நம் வீடுகளில் கறுப்பின மக்களைக் குறிக்க என்னென்ன சொற்கள் புழங்குகின்றன என்பது உனக்கும் எனக்கும் தெரியாததா? கூலி என்ற சொல்லுக்குக் கொதிக்கும் நாம், அந்தச் சொற்களை எந்தத் தயக்கமும் இல்லாமல் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் சொல்கிறோம். சர்ஃப்ராஸுக்கு நான்கு ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. அவர் பெஹ்லுக்வாயோவை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். நம் அணியும் மன்னித்துவிட்டதாக அணித்தலைவர் டு பிளெஸ்ஸி சொன்னார். என்னைப் போலச் சிரித்தவர்களுக்கு எந்தத் தடையும் வரவில்லை.

கேட்டவருக்குப் புரியாவிட்டால் அது வசையா என்று அன்று சிலர் வாதம் செய்தார்கள். 2008 ஜனவரியில் சிட்னியில் இந்தியாவின் ஹர்பஜன் சிங்குக்கும் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸுக்கும் நடந்த தகராறை இதனோடு சேர்த்து வைத்துப் பார். ஹர்பஜன் சைமண்ட்ஸைக் குரங்கு என்று அழைத்ததாகக் குற்றச்சாட்டு. ஆட்ட மத்தியஸ்தராக இருந்த நம் டர்பன்காரர் மைக் புரோக்டர் மூன்று டெஸ்ட் தடை விதித்தார். மேல்முறையீட்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன், இனவசை நிரூபிக்கப்படவில்லை என்று தடையை நீக்கி, தகாத சொல் பேசிய குற்றத்துக்குப் பாதி ஊதியத்தை மட்டும் அபராதமாக விதித்தார். இந்தியத் தரப்பின் வாதம் என்ன தெரியுமா? அவர் சொன்னது குரங்கு அல்ல, இந்தியில் தாயைக் குறித்துச் சொல்லப்படும் ஒரு வசை, அது வேறு மாதிரி காதில் விழுந்திருக்கலாம் என்பதுதான். எவன் தாயைப் பழித்தானோ அவன் தப்பினான்! எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் அங்கே நிற்கவில்லை. ஆனால் நிறத்தைப் பழிப்பது பெரிய குற்றம், பெற்றவளைப் பழிப்பது சின்னக் குற்றம் என்று விதிப்புத்தகம் தராசில் நிறுத்து வைத்திருப்பதை எந்தத் தமிழ்க் கிழவியிடமாவது சொல்லிப் பார், துடைப்பத்தை எடுப்பாள்.

இனி, நீ எழுதிய அந்த ஒரு வரி. கறீஸ் ஃபவுண்டனிலும் மற்றத் திடல்களிலும் பாய் விரித்த களத்தில் நாம் லீக் ஆடிய எழுபதுகளில், எதிரணி ஒன்றில் திக்கிப் பேசும் ஒரு தொடக்க ஆட்டக்காரர் இருந்தார். பெயர் வேண்டாம், உனக்கே முகம் நினைவுக்கு வந்திருக்கும். ரன்னுக்கு அழைக்கும்போது "யெஸ்" என்ற சொல் அவர் வாயில் சிக்கிக்கொள்ளும். நான் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து அவரைப் போலவே திக்கிக் காட்டினேன். என் பக்கத்திலேயே முதல் ஸ்லிப்பில் நின்ற நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நான்காவது தடவை அவர் அழைப்பு பாதியில் நின்றது. எதிர்முனைக்காரர் ஓடி வந்துவிட்டார், ரன் அவுட். நாம் கோப்பையையே வென்றதுபோலக் குதித்தோம்.

நான் உபயோகித்த எந்தச் சொல்லும் கெட்ட சொல் அல்ல. "யெஸ்" என்ற சொல்லை எந்த நடுவர் குறித்துக்கொள்ள முடியும்? இனம் இல்லை, மதம் இல்லை, தாய் இல்லை. அடுத்த ஆண்டு அதே மனிதர் நமக்கு எதிராக ஆட வந்தபோது வாயே திறக்கவில்லை. ஓட வேண்டுமென்றால் இடது கையை உயர்த்தினார், வேண்டாமென்றால் உள்ளங்கையைக் காட்டினார். அன்றைக்கு அதைப் பார்த்து, பரவாயில்லை, மாற்று வழி கண்டுபிடித்துவிட்டாரே என்றுதான் நான் நினைத்தேன். ஒரு மனிதரின் குரலை மைதானத்திலிருந்து வெளியேற்றியிருக்கிறோம் என்பது உறைக்க எனக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது, அதுவும் உன் பேரனின் கதையைப் படித்த பிறகு. ஆகவே எல்லை சொல்லில் இருக்கிறது என்று என்னால் எழுத முடியாது. ஆட்டம் முடிந்து கையுறைகளையும் மட்டையையும் பைக்குள் வைத்தபின் எதை அவரால் கழற்றி வைக்க முடியாதோ, அதைத் தொட்டுவிட்டோமா என்பதுதான் நான் இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்வி. தோல், தாய், திக்குவாய், தோட்டத்துக்கு வந்த கொள்ளுத்தாத்தா, எல்லாமே அந்தப் பட்டியலில் அடங்கும். சுழற்பந்து புரியாமை அடங்காது.

மட்டையால் பதில் சொல் என்று நீ பேரனிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அழகான வாக்கியம்தான், ஆனால் அதை நான் இனிமேல் சொல்லமாட்டேன். 2006இல் கொழும்பில் டர்பன் பையன் ஹஷிம் ஆம்லா ஒரு கேட்ச் பிடித்தபோது, ஒலிவாங்கி அணைந்துவிட்டதாக எண்ணிய வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ் அவரைப் பயங்கரவாதி என்று குறிப்பிட்டார். ஆம்லா பின்னாளில் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 311 ரன் எடுத்தார் என்பது உண்மை. ஆனால் ஜோன்ஸின் வர்ணனையாளர் வேலை போனது அந்த 311 ரன்னால் அல்ல, அவரை வேலைக்கு வைத்திருந்த தொலைக்காட்சி நிறுவனம் உடனே எடுத்த முடிவால். எல்லாப் பிள்ளைகளுக்கும் முந்நூறு ரன் அடிக்க வராது. பன்னிரண்டு ரன்னில் அவுட் ஆகும் பிள்ளைக்கும் மரியாதை உண்டு.

புகார் கொடு என்றே சொல்கிறேன். 2017 அக்டோபர் முதல் கிரிக்கெட் விதிகளில் 42ஆம் விதி வீரர்களின் நடத்தையைப் பற்றியது. கடுமையாக இழிவுபடுத்தும் சொல்லுக்கு நடுவர் உடனே எதிரணிக்கு ஐந்து ரன் கொடுத்து, மேலிடத்துக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். (ஒரு இனவசையின் விலை ஒரு சிக்ஸரைவிடக் குறைவு என்பதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.) மைதானத்துக்கு வெளியே நம் நாட்டுச் சட்டம் இதைவிடக் கறார். ஒருவரின் மாண்பைக் காயப்படுத்துவது இங்கே தனிக் குற்றம். கறுப்பினக் காவலர் ஒருவரை இழிசொல்லால் திரும்பத் திரும்ப ஏசிய ஒரு பெண்ணுக்கு 2018 மார்ச்சில் மூன்றாண்டுச் சிறை விதித்து, அதில் ஓராண்டை மட்டும் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வார்னரும் டி காக்கும் படிக்கட்டில் மோதிய அதே மாதம். தெருவில் சிறைக்கு அனுப்பும் சொல், மைதானத்தின் எல்லைக் கோட்டுக்கு உள்ளே வந்தவுடன் சகஜமாகிவிடுவது எப்படி என்று அந்தப் பயிற்சியாளரிடம் பணிவாகக் கேள்.

பதினான்கு வயதுப் பையனைச் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை, பதறாதே. இரண்டு அணித்தலைவர்களையும் நடுவரையும் உட்காரவைத்து, அந்தப் பையன் சொன்ன சொல்லை அவனுடைய ஆசிரியர்கள் முன்னால் ஒருமுறை சத்தமாகச் சொல்லச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் பேரனிடம் கேட்டுவிடு. நாம் இரு கிழவர்களும் சேர்ந்து அவன் பெயரில் ஒரு சண்டையைத் தொடங்கி, அவன் அடுத்த சனிக்கிழமை ஓய்வறையில் தனியாக உட்கார்ந்திருக்கும்படி செய்துவிடக் கூடாது. அவன் வேண்டாம் என்றால், புகாரை நீ உன் பெயரில் எழுது.

இன்னொன்று. திக்கிப் பேசும் அந்த மனிதர் இப்போது இங்கே டர்பனிலேயே, ஃபீனிக்ஸில் மகள் வீட்டில் இருப்பதாகப் போன மாதம் ஒரு துக்க வீட்டில் கேள்விப்பட்டேன். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு நீ வருவாய் அல்லவா? பூசை முடிந்ததும் அங்கிருந்து இருவரும் ஒரே காரில் போய்வரலாம். முதலில் பேச வேண்டியவன் நான்தான்; ஆனால் ஸ்லிப்பில் நின்றவனும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உன்,
பழைய விக்கெட் கீப்பர்