நாற்பது டிகிரி அலமாரியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நான் செய்துவரும் ஜெல்லின் மூன்றாம் மாத அளவீடுகளை முடித்துவிட்டே பதில் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் முடித்தேன். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்லு, நான் கேட்டதாகவும் சொல்லு.

போன தீபாவளிக்கு ஊரில் நாம் திண்ணையில் உட்கார்ந்து பேசியது நினைவிருக்கிறதா? உன்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் மூட்டுவலி, தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எழுந்து கதவு வரைக்கும் போய், அங்கே நின்று திரும்பித்தான் பெண்ணுறுப்பில் இருக்கும் வறட்சியைச் சொல்கிறார்கள் என்றாய். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களும் அப்படித்தான், அவர்களில் பலருக்கு ஹார்மோன் கிரீமை யோசித்துத்தான் எழுதிக்கொடுக்க முடிகிறது என்றாய். பள்ளியில் பன்னிரண்டு வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஷாம்பு செய்யும் இந்தத் தொழிற்கூடத்துக்கு வந்து எனக்கு அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் திரும்பி வந்த பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன், அந்தப் பெண்களுக்கு வறட்சி தெரியாமல் வழுக்கல் தரும் ஒரு நல்ல லூப்ரிகன்ட் ஜெல் செய்ய வேண்டும் என்று.

விரலில் எடுத்தால் வழுக்க வேண்டும், சீக்கிரம் காயக்கூடாது, அவ்வளவுதான் வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன். வழுக்கலைக் கொண்டுவர ஒரு மதியம் போதும். ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமர் தூளைத் தண்ணீரில் போட்டுக் கொஞ்சம் காரம் விட்டால் கண்ணாடி மாதிரி ஜெல் நிற்கும். நீ வயிற்றில் தடவும் ஸ்கேன் ஜெல்லும் அதே சரக்குதான். ஆனால் அந்த ஜெல் வியர்வை உப்பு பட்டதும் தோலின்மேல் இளகி ஓடுவதை நீயே பார்த்திருப்பாய். பெண்ணுறுப்பின் இயல்பான பிஹெச் நாலரைக்குப் பக்கம். அதற்குப் பொருந்த நான் லாக்டிக் அமிலத்தையும் சோடியம் லாக்டேட்டையும் சேர்த்ததும் பீக்கரில் இருந்த ஜெல் தண்ணீராகிவிட்டது. கார்போமருக்கு அமிலமும் ஆகாது, உப்பும் ஆகாது. அந்த வழி அன்றோடு முடிந்தது.

அப்புறம் கெட்டியாக்கும் இன்னொரு தூளான ஹைட்ராக்ஸி எத்தில் செல்லுலோஸுக்கு மாறினேன். அதில் மின்னேற்றம் இல்லை, உப்பு அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் தண்ணீரில் நேரே கொட்டினால் கட்டிதட்டும், வெளியே ஊறி உள்ளே மாவாகவே நிற்கும். கேழ்வரகுக் கூழுக்கு மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு உலையில் ஊற்றுவோமே, அதே முறைதான் இங்கேயும். தூளை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு பிறகு தண்ணீரில் விட்டால் ஒரு கட்டியும் இல்லை.

கிளிசரின் என்றதும் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் ஜெல்லைப் போட்டால் எரிகிறது என்று சிலர் ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஆஸ்மோலாலிட்டி, அதாவது நீரில் கரைந்திருக்கும் துகள்களின் செறிவு. நீ டிரிப்ஸ் ஏற்றும் நார்மல் சலைன் பாட்டிலில் 308 மில்லிஆஸ்மோல் என்று போட்டிருக்கும். என் முதல் குறிப்பில் கிளிசரின் 20 சதவீதம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார், கிளிசரின் மட்டுமே 2,700-ஐத் தாண்டும். மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் காலையில் நீர் விட்டுச் சுருங்கிக் கிடக்குமே, ஏற்கெனவே மெலிந்து வறண்ட அந்த மென்தோலின் செல்களிலிருந்தும் அப்படித்தான் நீர் வெளியே இழுக்கப்படும். விரலுக்கு அது வழுவழுப்பாகத்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு 380-க்குள் இருப்பதே நல்லது, தற்போதைக்கு 1,200 வரை ஏற்கலாம் என்கிறது. அந்தக் குறிப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. பத்து நாள் முன்புதான் அந்த 20 சதவீத ஜெல்லை முழங்கையில் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதியிருந்தேன்.

இப்போது கிளிசரின் 2 சதவீதம்தான். மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நான் காகிதத்தில் போட்ட கணக்கு 343. வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்தில், உறைநிலை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் கருவியில் அளந்தார்கள், 352 வந்தது. அந்தத் தாளை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி, உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. ஜெல்லைச் செய்தது மூன்று மாத வேலை. அது செய்த அன்று இருந்ததுபோலவே இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் நான் இந்தத் தொழிலையே கற்றுக்கொள்கிறேன்.

ஜனவரியில் செய்த பேட்ச்சில் பாதியை 40 டிகிரி சேம்பரிலும் மீதியை அறை அலமாரியிலும் வைத்தேன். சூட்டில் இருந்தது கெடாமல் இருந்தால் மற்றதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நம்பினேன். பத்தாவது வாரம் சேம்பர் பாட்டில் அப்படியே இருந்தது. அலமாரி பாட்டிலைச் சாய்த்தால் கஞ்சித்தண்ணீர் மாதிரி ஓடியது, மூடியைத் திறந்ததும் ஈர மண் வாடை. கிருமிகளுக்கு 40 டிகிரியைவிட நம் அறைச்சூடு வசதியாக இருந்திருக்கிறது. அவை விடும் நொதி செல்லுலோஸ் சங்கிலியை வெட்டிப் போட்டிருக்கிறது. சூட்டு அலமாரி எல்லாவற்றுக்கும் கடுமையான சோதனை அல்ல என்பது அன்று புரிந்தது.

கிருமி வளராமல் தடுக்கும் சோடியம் பென்சோயேட் போட்டிருந்தும் ஏன் கெட்டது? அந்தப் பேட்ச்சின் பிஹெச்சை நான் பென்சோயேட் சேர்ப்பதற்கு முன்பு அளந்தேன். சேர்த்த பிறகு மறுபடி பார்க்கவில்லை. உண்மையில் அது 6 ஆகியிருந்தது. கிருமியின் சவ்வைத் தாண்டி உள்ளே போவது அயனியாகப் பிரியாத பென்சோயிக் அமிலம்தான். பிஹெச் 4.2-இல் பாதி அந்த வடிவத்தில் இருக்கும், 6-இல் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இருக்காது. இந்தச் சமன்பாட்டை பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்! பிரிசர்வேட்டிவ் போட்டாகிவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அந்த ஜெல் யாருடைய உடம்புக்காவது போயிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சரி, பிஹெச்சை இறக்கலாம் என்று லாக்டிக் அமிலத்தை ஒரே இடத்தில் ஊற்றினேன். ஊற்றிய இடத்தில் வெள்ளையாகத் திரிந்தது, பென்சோயிக் அமிலம் கரையாமல் வெளியே வந்துவிட்டது. நீர்த்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். அப்படிச் செய்தும் ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலில் நாலாம் நாள் ஊசி ஊசியாகப் படிகங்கள். பென்சோயேட் 0.4 சதவீதம் என்பது குளிருக்கு அதிகம். 0.3-க்குக் குறைத்து, கூடவே இன்னொரு பிரிசர்வேட்டிவான பொட்டாசியம் சார்பேட் 0.2 சேர்த்த பிறகு படிகம் வரவில்லை. குளிர் நாட்டுக்கு அனுப்பப் போவதில்லையே, ஃபிரிட்ஜ் சோதனை எதற்கு என்று இங்கே கேட்டார்கள். நம் ஊரில் கிரீம், களிம்பு என்று எதை வாங்கினாலும் ஃபிரிட்ஜ் கதவில் வைப்பவர்கள் எத்தனை பேர்!

ஜூனில் தொடங்கிய இந்தப் புதிய பேட்ச்சின் கணக்கைச் சொல்கிறேன். தொடக்கத்தில் விஸ்காசிட்டி, அதாவது ஜெல்லின் கெட்டித்தன்மை, 8,200 சென்டிபாய்ஸ். மூன்று மாதம் கழித்து அறையில் 8,050, சேம்பரில் 7,100. அமிலத்தில் செல்லுலோஸ் மெல்ல அறுபடுகிறது, இது நான் எதிர்பார்த்ததுதான். 20 சதவீதத்துக்கு மேல் இறங்கக்கூடாது என்று எல்லை வைத்திருக்கிறேன். முதல் மாதம் சேம்பரிலிருந்து எடுத்த சூட்டோடு அளவுக் கருவியின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலை இறக்கிவிட்டு, இவ்வளவு இறங்கிவிட்டதே என்று பதறினேன். 25 டிகிரிக்கு ஆறவிட்டு அளந்தபோது பழைய எண் திரும்ப வந்தது. இப்போது ஆறவைக்கும் நேரத்தையும் நோட்டில் எழுதுகிறேன். பாட்டிலையும் ஒவ்வொரு முறையும் எடை போடுகிறேன். சேம்பரில் இருந்தது 1.8 சதவீதம் எடை குறைந்திருக்கிறது, பிளாஸ்டிக் வழியாகப் போன தண்ணீர் அது. தண்ணீர் போனால் நான் பாடுபட்டு இறக்கிய ஆஸ்மோலாலிட்டி மறுபடி ஏறும். அதனால் வேறு பாட்டில் பார்க்கிறேன்.

மூன்று மாதம் தாங்கிவிட்டதே, இரண்டு வருடம் என்று லேபிளில் போடலாமே என்று முதலாளி கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பத்து டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. 20 டிகிரி அறையில் வாழ்கிறவர்களுக்கு 40 டிகிரியில் மூன்று மாதம் என்பது ஒரு வருடத்துக்குச் சமம். இங்கே மருந்துக்கடை அலமாரியே 30 டிகிரி. நமக்கு அது ஆறு மாதம்தான். எங்கோ எழுதிய சூத்திரத்தை அப்படியே நம் வெயிலுக்கு எடுத்துக்கொள்ளக்கூடாது. சேம்பர் ஆறு மாதம் ஓடட்டும், அலமாரி பாட்டிலை முழுக் காலமும் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் சரி என்றார்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்றும் எழுதியிருந்தாய். ஆணுறை பயன்படுத்தாத தம்பதிக்கு அதைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் லேட்டக்ஸ் ஆணுறையோடு எந்த எண்ணெயும் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லு. மினரல் ஆயில் ஒரு நிமிடம் பட்டாலே ஆணுறையின் வலிமை 90 சதவீதம் போய்விடுகிறது என்று 1989-இலேயே ஆய்வு வந்திருக்கிறது. என் ஜெல்லில் எண்ணெய் இல்லை. இருந்தாலும் அதில் ஊறவைத்த ஆணுறைகளைக் காற்றடைத்து வெடிக்கவைத்துப் பார்க்கும் சோதனை முடியாமல் ‘ஆணுறைக்கு ஏற்றது’ என்று எழுத மாட்டேன். அமெரிக்காவில் இதை ஷாம்பு வரிசையில் வைப்பதில்லை, ஆணுறையைப் போல இரண்டாம் வகுப்பு மருத்துவச் சாதனமாகத்தான் பார்க்கிறார்கள். அதுதான் சரி என்று எனக்கும் தோன்றுகிறது.

இப்போது ஜெல் கிருமிச் சோதனைக்குப் போயிருக்கிறது. ஈ.கோலை, சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற மூன்று பாக்டீரியா, கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இரண்டு பூஞ்சை ஆகிய ஐந்தையும் வேண்டுமென்றே உள்ளே விட்டு 28 நாள் பார்ப்பார்கள். பதினான்காம் நாளில் பாக்டீரியா நூறில் ஒரு பங்காகவாவது குறைந்திருக்க வேண்டும், பிறகு ஏறக்கூடாது. பூஞ்சைகள் தொடக்கத்தில் இருந்ததைவிடப் பெருகக்கூடாது. முடிவு வரும்வரைக்கும் ஒரு டியூப்கூட வெளியே போகாது. உனக்கும் அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

அதற்குள் நீ எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். லேபிளில் தமிழில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மசகு என்றால் வண்டிச் சக்கரம் நினைவுக்கு வருகிறது, உயவுப் பொருள் என்றால் யாருக்கும் புரியாது. கதவருகே நின்று சொல்கிறார்களே, அவர்கள் என்ன வார்த்தையில் சொல்கிறார்கள்? வறட்சி என்றா, எரிச்சல் என்றா, வேறு ஏதாவதா? அவர்கள் வாயில் வருவதை அப்படியே குறித்து வை. தீபாவளிக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி